டீச்சரிடம் கேளுங்கள்: ஊரா, சமஸ்தானமா?

சென்ற இதழில் ஒரு வாசகர், இந்தியா கேட் பக்கத்தில் இருக்கும் ஹைதராபாத் ஹவுஸ் யாருடையது என்று கேட்டிருந்தார். ஹைதராபாத் சமஸ்தானத்து நிஜாமுக்காக லுட்யன்ஸ் வடிவமைத்த மாளிகை, 1920களின் கடைசியில் கட்டி முடிந்தது என்று நாலு வரியில் பதில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் ஒருவருக்குத் தாத்தாவின் வேலை பற்றிச் சந்தேகம், ஒருவருக்கு மகனின் ரயில் டிக்கெட், இன்னொருவருக்குக் கோவில் பயணம். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே சிக்கல்தான். ஊருக்கும் ராஜ்யத்துக்கும் ஒரே பெயர். அல்லது இரண்டு ஊருக்கு ஒரே பெயர், அதில் ஒன்று ராஜ்யம். டெல்லித் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. அதனால் இந்த மாதப் பக்கங்கள் முழுவதும் இதற்கே.

எங்கள் தாத்தா கும்பகோணத்திலிருந்து போய் 1930களில் ரயில்வேயில் வேலை பார்த்தவர். "நாங்க ஹைதராபாத்ல இருந்தோம்" என்றுதான் பாட்டி கடைசிவரை சொன்னாள். அம்மாவின் பழைய சான்றிதழிலும் பிறந்த இடம் ஹைதராபாத். ஆனால் பரணில் கிடைத்த கடிதங்களில் எல்லாம் பர்பணி என்று எழுதியிருக்கிறது. பர்பணி மகாராஷ்டிரத்தில் அல்லவா இருக்கிறது? பாட்டி மாற்றிச் சொல்லிவிட்டாளா, டீச்சர்?
*வாசகி, மயூர் விஹார்*

பாட்டி மாற்றிச் சொல்லவில்லை அம்மா. சான்றிதழும் சரி, கடிதமும் சரி. 1930களில் பர்பணியில் குடியிருந்தவர் ஹைதராபாத்தில்தான் இருந்தார். அந்த நாளில் ஹைதராபாத் என்றால் சார்மினார் இருக்கும் நகரம் மட்டும் இல்லை. 82,000 சதுர மைலுக்கு மேல் பரந்து கிடந்த ஒரு நாட்டின் பெயரும் அதுதான். 1941 கணக்குப்படி அங்கே 1 கோடியே 60 லட்சம் பேருக்கு மேல் வாழ்ந்தார்கள்.

வரைபடத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு படியுங்கள். நிஜாமின் ஆட்சியில் 16 ஜில்லாக்கள் இருந்தன. தெலுங்கு பேசும் பகுதியில் எட்டு: வாரங்கல், நல்கொண்டா, கரீம்நகர், அடிலாபாத் போன்றவை. மராத்தி பேசும் பகுதியில் ஐந்து: ஔரங்காபாத், பீட், நாந்தேடு, உஸ்மானாபாத், உங்கள் பர்பணி. மீதி மூன்று பீதர், குல்பர்கா, ராய்ச்சூர். ஜனத்தில் ஏறக்குறையப் பாதிப்பேர் தெலுங்கர்கள், கால்வாசிப்பேர் மராத்தியர்கள். கன்னடமும் உருதும் பேசியவர்கள் மிச்சம். நிஜாமுக்குத் தனி நாணயம் இருந்தது, தனி அஞ்சல் தலை இருந்தது. தனி ரயில்வேயும் இருந்தது. மன்மாடிலிருந்து ஔரங்காபாத், ஜால்னா, பர்பணி, நாந்தேடு வழியாகச் செகந்திராபாத்துக்குப் போகும் பாதை அந்த நிஜாம் ரயில்வேயைச் சேர்ந்தது. தாத்தா அதில்தான் வேலை பார்த்திருக்க வேண்டும். அப்படியென்றால் அவருக்குச் சம்பளம் கொடுத்ததும் ஹைதராபாத், அவர் குடியிருந்ததும் ஹைதராபாத். நகரத்தில் ஒரு இரவுகூடத் தங்காமல் இருந்திருந்தாலும் அது மாறாது.

நிஜாம் இந்தியாவோடு சேராமல் நின்றதால் 1948 செப்டம்பர் 13ஆம் தேதி இந்திய ராணுவம் உள்ளே நுழைந்தது. 17ஆம் தேதி நிஜாம் போர் நிறுத்தம் அறிவித்தார். அதற்குப் பிறகும் பெயர் போகவில்லை. ஹைதராபாத் என்ற மாநிலம் இந்தியாவுக்குள் 1956 வரை இருந்தது. 1952ல் தேர்தல் நடந்து பூர்குல ராமகிருஷ்ண ராவ் அதற்கு முதலமைச்சர் ஆனார். 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் அதை மூன்றாகப் பிரித்தார்கள். தெலுங்குப் பகுதி ஆந்திரத்துக்குப் போனது, மராத்வாடா என்ற மராத்திப் பகுதி பம்பாய் மாநிலத்துக்கு, கன்னடப் பகுதி மைசூருக்கு. அன்றைக்கு ராஜ்யத்தின் பெயர் வரைபடத்திலிருந்து எடுபட்டது. நகரத்தின் பெயர் மட்டும் தங்கிவிட்டது.

எனக்கு மனம் பொறுக்காத இடம் இதுதான். நகரம் தங்கியதால், ஹைதராபாத் வரலாறு என்றாலே நிஜாமின் வைரமும் பிரியாணியும் அரண்மனையும்தான் என்று ஆகிவிட்டது. 1946லிருந்து 1951 வரை நல்கொண்டாவிலும் வாரங்கலிலும் கிராமத்து விவசாயிகள் நிலத்துக்காக ஆயுதம் ஏந்தினார்களே, பெண்களும் அதில் நின்றார்களே, அதுவும் ஹைதராபாத் வரலாறுதான். பர்பணி ரயில்வே குவார்ட்டர்ஸில் கும்பகோணத்துப் பெண் ஒருத்தி மராத்தி கற்றுக்கொண்டு குடித்தனம் நடத்தினாளே, அதுவும்தான். ஊர்ப் பெயர் ராஜ்யத்தை விழுங்கும்போது முதலில் காணாமல் போகிறவர்கள் ஜில்லாக்காரர்கள். இன்றும் செப்டம்பர் 17ஆம் தேதியை மகாராஷ்டிரம் மராத்வாடா விடுதலை நாளாகக் கொண்டாடுகிறது. கர்நாடகத்தின் வடகிழக்கு மாவட்டங்களும் அதே நாளில் கொடியேற்றுகின்றன. அந்த மாவட்டங்களுக்கு 2019 வரை ஹைதராபாத் கர்நாடகம் என்றே பெயர், இப்போது கல்யாண கர்நாடகம்.

குடும்ப வரலாறு எழுதும்போது "அம்மா பிறந்தது பர்பணி, ஹைதராபாத் சமஸ்தானம், இன்றைய மகாராஷ்டிரம்" என்று மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். பழைய தாளில் ஹைதராபாத் என்று மட்டும் இருந்தால் முதலில் வருடத்தைப் பாருங்கள், பிறகு ஜில்லா பெயரைத் தேடுங்கள். தாத்தாவின் சர்வீஸ் புத்தகமோ பென்ஷன் தாளோ கிடைத்தால் ஸ்டேஷன் பெயர்கள் வரிசையாக இருக்கும்.

டீச்சர், நான் சிவில் சர்வீஸ் தேர்வுக்காக ஓல்ட் ராஜேந்தர் நகரில் தங்கிப் படிக்கிறேன். வீட்டு ஓனர் பாட்டி ஒரு சிந்தி. "நாங்கள் ஹைதராபாத்காரர்கள்" என்று பெருமையாகச் சொல்கிறார். சார்மினார் பற்றிக் கேட்டால், பார்த்ததே இல்லை என்கிறார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.
*மாணவர், ஓல்ட் ராஜேந்தர் நகர்*

தம்பி, பாட்டி சொல்வது சிந்து ஹைதராபாத். பாகிஸ்தானில், சிந்து நதிக்குக் கிழக்கே இருக்கிறது. தக்காண ஹைதராபாத்தை 1591ல் முகம்மது குலி குதுப் ஷா கட்டினார். சிந்து ஹைதராபாத்தை 1768ல் குலாம் ஷா கல்ஹோரா, நேரூன்கோட் என்ற பழைய ஊர் இருந்த இடத்தில் எழுப்பினார். இரண்டுக்கும் கொடிவழி உறவு எதுவும் கிடையாது.

பாட்டியின் ஊர் எப்படி இருந்தது என்று அவரிடமே கேள். பழைய படங்களில் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு வீட்டு மாடியிலும் காற்றைப் பிடித்து உள்ளே இறக்குவதற்குச் சரிவான கூண்டு வைத்திருப்பார்கள். எல்லாம் ஒரே திசையைப் பார்த்து நிற்கும், ஏனென்றால் அங்கே கோடையில் தென்மேற்கிலிருந்துதான் காற்று வரும். அந்த ஊர் இந்து வியாபாரிகள் பிரிவினைக்கு வெகு காலம் முன்பே கப்பலேறித் தூரதேசத் துறைமுகங்களில் பட்டும் கைவினைப் பொருளும் விற்றவர்கள். சிந்த்வர்க்கிகள் என்று அவர்களுக்குப் பெயர். 1947க்குப் பிறகு இந்தியப் பக்கம் வந்தவர்கள் பம்பாய்க்கும் டெல்லிக்கும் போய்ச் சேர்ந்தார்கள். பம்பாய்க்குப் பக்கத்தில் கல்யாண் ராணுவ முகாமில் தங்கியவர்களின் குடியிருப்புக்கு 1949ல் அடிக்கல் நாட்டியவர் நம் ராஜாஜி. அதுதான் இன்றைய உல்லாஸ்நகர்.

உன் தேர்வுக்கும் இது உதவும். சிந்து ஹைதராபாத்தும் ஒரு காலத்தில் ராஜ்யம்தான். தால்பூர் மீர்கள் ஹைதராபாத், கைர்பூர், மீர்பூர் காஸ் என்று மூன்று கிளையாக ஆண்டார்கள். 1843ல் மியானியிலும் துப்போவிலும் நடந்த சண்டைகளில் ஆங்கிலேயத் தளபதி சார்லஸ் நேப்பியர் ஜெயித்ததும் ஹைதராபாத் கிளை முடிந்தது. தலைநகரம் கராச்சிக்குப் போனது. ஆங்கிலேயரோடு அனுசரித்துப் போன கைர்பூர் மட்டும் சமஸ்தானமாகவே தொடர்ந்து பாகிஸ்தானில் சேர்ந்து 1955 வரை நின்றது. ஆகவே 1947ல் ஒரு ஹைதராபாத் சமஸ்தானத் தலைநகரம். மற்றது ஆங்கிலேயரின் சிந்து மாகாணத்தில் ஒரு ஜில்லாத் தலைநகரம், அவ்வளவே. 1947 பற்றிய கேள்வியில் எந்த ஹைதராபாத் என்று பார்க்காமல் விடை எழுதாதே.

எனக்குப் பிடித்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சிந்து ஹைதராபாத்தில் பெயர்பெற்ற கடை பாம்பே பேக்கரி. 1936 வரை சிந்து பம்பாய் மாகாணத்தோடுதான் இருந்தது, ஆகவே அந்தப் பெயரில் ஆச்சரியமில்லை. தக்காண ஹைதராபாத்தில் பெயர்பெற்ற கடை கராச்சி பேக்கரி, சிந்துவிலிருந்து வந்த ஒருவர் 1953ல் தொடங்கியது. இரண்டு ஊருக்கும் வளையல் தொழிலிலும் பெயர் உண்டு. அங்கே கண்ணாடி வளையல், இங்கே லாட் பஜாரில் அரக்கு வளையல். பாட்டியிடம் வளையல் பேச்சை எடுத்துப் பார், மாலை முழுக்கக் கதை கேட்கலாம்.

ஹைதராபாத் பணத்துக்காக லண்டன் கோர்ட்டில் இந்தியாவும் பாகிஸ்தானும் வழக்காடியதாகப் படித்தேன். அது எந்த ஹைதராபாத்?
*வாசகர், முனிர்கா*

தக்காணம். 1948 செப்டம்பரில், ராணுவம் உள்ளே வந்த அந்தக் கலவரமான நாட்களில், சமஸ்தானத்துப் பணம் சுமார் 10 லட்சம் பவுண்டை லண்டன் வங்கியில் பாகிஸ்தான் தூதர் பெயருக்கு மாற்றிவிட்டார்கள். தன்னைக் கேட்காமல் நடந்தது என்று நிஜாம் திரும்பக் கேட்டார். வழக்கு இழுத்தடித்து 2019 அக்டோபரில் முடிந்தது. அதற்குள் பணம் சுமார் 350 லட்சம் பவுண்டாக வளர்ந்திருந்தது. இந்தியாவுக்கும் நிஜாமின் வாரிசுகளுக்கும் சாதகமாகத் தீர்ப்பு. வழக்கின் ஒரு பக்கம் பாகிஸ்தான் என்பதால் சிந்து ஊர் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். அந்த ஊருக்கும் இந்தப் பணத்துக்கும் தொடர்பு எதுவும் இல்லை.

என் மகனுக்குப் பிலாஸ்பூர் எய்ம்ஸ் மருத்துவமனையில் நர்சிங் வேலை கிடைத்திருக்கிறது. என் கணவர் பிலாஸ்பூர் ராஜதானியில் டிக்கெட் பார்க்கச் சொல்கிறார். பக்கத்து வீட்டு மாமாவோ, எய்ம்ஸ் இருப்பது மலையில், ரயிலே போகாது என்கிறார். யார் சொல்வது சரி?
*வாசகி, துவாரகா*

நல்லவேளை, டிக்கெட் எடுக்குமுன் எழுதினீர்கள். மாமா சொல்வதுதான் சரி. பிலாஸ்பூர் ராஜதானி போவது சத்தீஸ்கர் பிலாஸ்பூருக்கு, டெல்லியிலிருந்து சுமார் 1,500 கிலோமீட்டர். எய்ம்ஸ் பிலாஸ்பூர் இமாச்சலப் பிரதேசத்தில் இருக்கிறது. 2022 அக்டோபரில் திறந்தார்கள். சத்தீஸ்கரின் எய்ம்ஸ் ராய்ப்பூரில் இருக்கிறது, அதனால்தான் குழப்பம் இரட்டிப்பாகிறது. நியமனக் கடிதத்தில் பின்கோடு பாருங்கள். 174ல் தொடங்கினால் இமாச்சலம், 495ல் தொடங்கினால் சத்தீஸ்கர். மகன் காஷ்மீரி கேட் பஸ் நிலையத்திலிருந்து இமாச்சல பஸ் பிடிக்கலாம். ரயில்தான் வேண்டுமென்றால் பஞ்சாபில் கீரத்பூர் சாஹிபில் இறங்கி அங்கிருந்து மேலே ஏற வேண்டும். மானேசர் தாண்டினால் வரும் பிலாஸ்பூர் சௌக் ஹரியானாவின் வேறொரு கிராமம். உத்தரப் பிரதேசத்து ராம்பூர் பக்கத்திலும் ஒன்று உண்டு.

பயண விஷயம் இதோடு முடிந்தது. ஆனால் உங்கள் மகன் போய் வாழப்போகிற ஊரின் கதையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

சத்தீஸ்கர் பிலாஸ்பூர் பெரிய ஊர். உயர் நீதிமன்றம் அங்கே, தென்கிழக்கு மத்திய ரயில்வேயின் தலைமையகம் அங்கே. பிலாசா என்ற மீனவப் பெண்ணின் பெயரால் வந்த ஊர் என்று அங்குள்ளவர்கள் சொல்வார்கள். ஆங்கிலேயர் காலத்தில் மத்திய மாகாணத்தில் ஒரு ஜில்லா. அது சமஸ்தானம் அல்ல. சமஸ்தானமாக இருந்தது சின்ன பிலாஸ்பூர், இமாச்சலத்தது. கஹ்லூர் என்பது அந்த ராஜ்யத்தின் பழைய பெயர், சட்லெஜ் கரையில் இருந்த தலைநகரம் பிலாஸ்பூர். சுதந்திரத்துக்குப் பிறகு மற்ற மலை சமஸ்தானங்களைச் சேர்த்து இமாச்சலப் பிரதேசம் அமைத்தபோது பிலாஸ்பூரை மட்டும் தனியே வைத்தார்கள். காரணம் பக்ரா அணை. அணை கட்டினால் தண்ணீர் தேங்கப்போவது இந்த ராஜ்யத்தின் மேல்தான். அதனால் மத்திய அரசே நேராகப் பார்த்துக்கொண்டது. 1954 ஜூலை 1ஆம் தேதிதான் அது இமாச்சலத்தோடு சேர்ந்தது.

அணை எழுந்தது. அதன் நீர்த்தேக்கமான கோவிந்த் சாகர் நிரம்பியது. பழைய பிலாஸ்பூர் நகரம், அரண்மனை, சந்தைத் தெரு, கற்கோவில்கள் எல்லாம் நீருக்குள் போயின. சுற்றியிருந்த நூற்றுக்கணக்கான கிராமங்களும் போயின. மேட்டில் புது நகரம் கட்டி அதே பெயரை வைத்தார்கள். கிராமத்து ஜனங்கள் பலருக்கு இன்றைய ஹரியானாவின் ஹிசார், சிர்சா பக்கம் நிலம் கொடுத்து அனுப்பினார்கள். மலையில் பிறந்தவர்கள் சமவெளியில் போய் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். 1963ல் நேரு அணையை நாட்டுக்கு அர்ப்பணித்தார். டெல்லிக்கு வரும் குடிநீரில் ஒரு பங்கு அந்த பக்ரா நீர்தான். நம் வீட்டுக் குழாயைத் திறக்கும்போது அந்த மனிதர்களை நினைக்க வேண்டும் என்று என் மாணவர்களிடம் வருஷா வருஷம் சொல்லியிருக்கிறேன், இப்போது உங்களிடமும் சொல்கிறேன். நீர்மட்டம் இறங்கும் மாதங்களில் பழைய கோவில்கள் வெளியே தெரியும். மகன் படம் எடுத்து அனுப்பினால் எனக்கும் காட்டுங்கள்.

மாமியார் உதய்பூர் திரிபுரசுந்தரியைத் தரிசிக்க வேண்டும் என்கிறார். ஏரிகள் உள்ள உதய்பூர்தானே?
*வாசகி, கரோல் பாக்*

இல்லை. அவர் கேட்பது திரிபுரா மாநிலத்து உதய்பூராகத்தான் இருக்க வேண்டும். அங்கேதான் 1501ல் தன்ய மாணிக்யர் கட்டிய மாதாபாரி கோவில் இருக்கிறது, சக்தி பீடங்களில் ஒன்று. அகர்தலாவுக்கு விமானத்தில் போய் அங்கிருந்து தரைவழி போங்கள். அகர்தலா தலைநகரம் ஆவதற்கு முன் திரிபுரா மன்னர்களுக்கு உதய்பூர்தான் தலைநகரம். ஏரிகள் உள்ளது மேவார் ராணாக்களின் உதய்பூர். ஆங்கிலேயர் ஆவணங்களில் மேவார் ராஜ்யத்துக்கே உதய்பூர் என்று பெயர் போட்டிருப்பார்கள். சத்தீஸ்கரிலும் உதய்பூர் என்ற சின்ன சமஸ்தானம் இருந்தது. மாமியாரிடம் எதற்கும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். ராஜஸ்தானிலும் பான்ஸ்வாடா பக்கம் ஒரு திரிபுரசுந்தரி உண்டு.

எங்கள் மாடி வீட்டு மலையாளத் தாத்தா ஃபோர்ட் கொச்சியில் பிறந்தவர். "நான் கொச்சிக்காரன், ஆனால் கொச்சி ராஜாவின் பிரஜை இல்லை, மெட்ராஸ்காரன்" என்கிறார். அதெப்படி?
*வாசகர், ஆர்.கே. புரம்*

இந்தக் கடிதத்தைப் படித்து எனக்கு அத்தனை சந்தோஷம். தாத்தா ஒரு வரியில் முழுப் பாடமும் நடத்திவிட்டார்.

கொச்சி கோட்டையை 1663ல் டச்சுக்காரர்கள் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்தார்கள், 1795ல் ஆங்கிலேயர் டச்சுக்காரர்களிடமிருந்து பிடித்தார்கள். பிடித்தவர்கள் ராஜாவிடம் திருப்பித் தரவில்லை. துறைமுக வாயிலில் இருந்த அந்தச் சின்ன ஊரை மதராஸ் மாகாணத்தின் மலபார் ஜில்லாவோடு சேர்த்து வைத்துக்கொண்டார்கள். பிரிட்டிஷ் கொச்சி என்று பெயர். அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் மட்டாஞ்சேரி, யூதர் கோவிலும் டச்சு அரண்மனையும் உள்ள இடம், ராஜாவின் கொச்சி. தண்ணீருக்கு அந்தப் பக்கம் எர்ணாகுளமும் ராஜாவினுடையதுதான். ராஜகுடும்பம் இருந்தது திருப்பூணித்துறையில். அதாவது கொச்சி என்ற ராஜ்யத்துக்கு, கொச்சி என்று பெயர் வரக் காரணமான ஊரே சொந்தமில்லை.

1949 ஜூலை 1ஆம் தேதி கொச்சியும் திருவிதாங்கூரும் சேர்ந்து ஒரே மாநிலம் ஆனபோதும் தாத்தாவின் ஊர் அதில் சேரவில்லை. 1956 நவம்பர் 1 வரை அது மெட்ராஸ் மாநிலம்தான். ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி, எர்ணாகுளம் மூன்றும் ஒரே மாநகராட்சியாகச் சேர்ந்தது 1967ல். தாத்தாவின் வாய்மொழியை எழுதி வையுங்கள், அல்லது போனில் பதிவு செய்யுங்கள். பிரிட்டிஷ் கொச்சியில் பிறந்த தலைமுறை போய்விட்டால் இதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல ஆள் இருக்காது.

திருவிதாங்கூரும் இதே மாதிரிதான். அந்தப் பெயரைக் கொடுத்த திருவிதாங்கோடு, கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலை பக்கம் ஒரு சின்ன ஊர். ராஜ்யம் வளர்ந்து, பத்மநாபபுரத்துக்கு மாறி, பிறகு திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது. 1956ல் மாநிலங்களைப் பிரித்தபோது திருவிதாங்கோடு தமிழ்நாட்டுப் பக்கம் வந்துவிட்டது.

பரோடா ஹவுஸ், பட்டியாலா ஹவுஸ், பிக்கானீர் ஹவுஸ் என்று டெல்லியில் இத்தனை இருக்கிறதே. இவை அந்த ஊர்களின் விருந்தினர் மாளிகைகளா? மெட்ராஸ் ஹவுஸ் என்று ஒன்று ஏன் இல்லை?
*வாசகர், துவாரகா*

ஊர்களுடையவை அல்ல, ராஜ்யங்களுடையவை. 1921ல் ஆங்கிலேயர் நரேந்திர மண்டலம் என்று மன்னர்களுக்கு ஒரு சபை வைத்தார்கள். அது கூடுவதற்குப் பழைய நாடாளுமன்றக் கட்டடத்திலேயே தனி மண்டபம் இருந்தது. கூட்டத்துக்கு வரும் மன்னர்கள் தங்குவதற்கு இந்தியா கேட்டைச் சுற்றி மனை வாங்கி மாளிகை கட்டினார்கள். மெட்ராஸ் சமஸ்தானம் அல்ல, ஆங்கிலேயர் நேராக ஆண்ட மாகாணம். அதற்கு மன்னர் இல்லை, மாளிகையும் இல்லை. நம் அண்டை ராஜ்யங்களுக்கு டெல்லியில் திருவாங்கூர் ஹவுஸும் கொச்சின் ஹவுஸும் இருப்பதற்கும் அதுதான் காரணம். இன்று பரோடா ஹவுஸில் வடக்கு ரயில்வே தலைமையகம், பட்டியாலா ஹவுஸில் கோர்ட்டு, ஜெய்ப்பூர் ஹவுஸில் 1954லிருந்து நவீனக் கலைக்கூடம். பிக்கானீர் ஹவுஸிலிருந்து ஜெய்ப்பூர் பஸ் பிடித்தவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு.

நீங்கள் துவாரகாவிலிருந்து எழுதுவதால் ஒன்று சொல்கிறேன். உங்கள் குடியிருப்புக்குப் பெயர் கொடுத்த குஜராத் துவாரகை, கிருஷ்ணன் கோவில் இருக்கும் ஊர், பரோடா சமஸ்தானத்தைச் சேர்ந்தது. ஆச்சரியமாக இருக்கிறதா? பரோடா நகரம் குஜராத்தின் கிழக்கே, துவாரகை மேற்குக் கடலோரம். பரோடாவை ஆண்ட கெய்க்வாடின் ராஜ்யம் ஒரே துண்டாக இருக்கவில்லை. பரோடா, மெஹ்சாணா பக்கம், நவ்சாரி, அம்ரேலி என்று சிதறிக் கிடந்தது. நடுநடுவே ஆங்கிலேயர் நிலமும் மற்ற ராஜாக்களின் நிலமும் இருந்தன. துவாரகை இருந்த ஓகாமண்டல் அம்ரேலியோடு சேர்ந்தது.

சாயாஜிராவ் கெய்க்வாட் கட்டாய ஆரம்பக் கல்வியை முதலில் எங்கே தொடங்கினார் தெரியுமா? தலைநகரத்தில் இல்லை. 1893ல் அம்ரேலி தாலுகாவின் கிராமங்களில். நடத்திப் பார்த்துவிட்டு 1906ல் ராஜ்யம் முழுவதற்கும் சட்டமாக்கினார். இந்தியாவில் அதற்கு முன் எந்த அரசும் அதைச் செய்யவில்லை. புத்தகங்களில் "பரோடாவில் கட்டாயக் கல்வி" என்று ஒரே வரி இருக்கும். படிக்கும் பிள்ளை நகரத்தைத்தான் நினைத்துக்கொள்ளும். ஆசிரியையாக எனக்கு அந்த வரியில் அம்ரேலி கிராமங்களின் பெயர் வர வேண்டும் என்று தீராத ஆசை.

டீச்சர், நான் எட்டாம் வகுப்பு. நம்ம தமிழ்நாட்டில் ஊரும் சமஸ்தானமும் ஒரே பெயரில் எது இருந்தது? பிராஜெக்ட் செய்யணும்.
*மாணவி, ஜனக்புரி*

புதுக்கோட்டை, கண்ணு. தொண்டைமான்கள் ஆண்டது. தஞ்சாவூரும் திருச்சியும் மதுரையும் ராமநாதபுரமும் ஆங்கிலேயர் ஜில்லாவாக இருக்க, நடுவில் சுமார் 3,000 சதுர கிலோமீட்டர் மட்டும் தனி ராஜ்யம். அம்மன் காசு என்று சொந்தமாகச் சின்னச் செப்புக்காசு வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் பிரகதாம்பாள் உட்கார்ந்திருப்பாள். தாத்தா பாட்டி வீட்டில் யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டுப் பார், பிராஜெக்டில் ஒட்டுவதற்குப் படம் கிடைக்கும். 1948 மார்ச் 3ஆம் தேதி மதராஸோடு சேர்ந்து திருச்சி ஜில்லாவுக்குள் போனது. 1974 ஜனவரியில் தனி மாவட்டமாக மறுபடி வந்தது.

இரண்டு பேரை வைத்து ஊருக்கும் ராஜ்யத்துக்கும் வித்தியாசம் காட்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886ல் பிறந்தது புதுக்கோட்டை நகரத்தில். அங்கே மகாராஜா கல்லூரியில் பையன்களுக்கு நடுவே படித்த பெண். தீரர் சத்தியமூர்த்தி 1887ல் பிறந்தது திருமயத்தில், கோட்டை இருக்கிறதே அந்த ஊர். அவரும் புதுக்கோட்டை சமஸ்தானத்துப் பிள்ளைதான், ஆனால் புதுக்கோட்டை ஊர்க்காரர் இல்லை. சமஸ்தானத்தில் பிறந்தவர் 1935லிருந்து நம் டெல்லியில், மத்திய சட்டசபையில், காங்கிரஸ் குரலாக முழங்கினார். சித்தன்னவாசல் ஓவியமும் குடுமியான்மலைக் கல்வெட்டும் அதே ராஜ்யத்துக்குள் அடக்கம்.

பக்கம் மிச்சமிருந்தால் பங்கனப்பள்ளியையும் சேர்த்துக்கொள். மதராஸ் மாகாணத்தோடு ஒட்டியிருந்த சமஸ்தானங்கள் ஐந்து: திருவிதாங்கூர், கொச்சி, புதுக்கோட்டை, சண்டூர், பங்கனப்பள்ளி. கடைசியாகச் சொன்னது ஒரு நவாபின் குட்டி ராஜ்யம். 1948ல் மதராஸில் சேர்ந்தது, இன்று ஆந்திரத்தில் நந்தியால் மாவட்டத்தில் இருக்கிறது. ஊர், ராஜ்யம், மாம்பழம் மூன்றுக்கும் ஒரே பெயர். டெல்லியில் அந்த மாம்பழத்தை சஃபேதா என்று விற்பார்கள். ஏப்ரல் மாதம் அம்மாவோடு மார்க்கெட் போகும்போது கேட்டு வாங்கிச் சாப்பிட்டுப் பார். பிராஜெக்ட் முடிந்ததும் ஒரு ஜெராக்ஸ் எனக்கு அனுப்பு. நன்றாக இருந்தால் இந்தப் பக்கத்திலேயே போடச் சொல்கிறேன்.